கல்வி விரும்பன் அனுப்பிய ஃபார்வர்டு

1819 ஜனவரி 12-ம் தேதி, ‘மெட்ராஸ் கூரியர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் சொந்தப் பெயரைப் போடவில்லை. ‘கல்வி விரும்பன்’ என்று ஒரு புனைபெயர். கடிதத்தின் சாரம் இதுதான்: அம்மை குத்துவது ஒன்றும் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. பசுவின் மடியில் வரும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, மனிதரின் கையில் கீறி ஏற்றினால் பெரியம்மை அண்டாது என்பது இந்தியர்களுக்கு எப்போதோ தெரியும். தன்வந்திரி அருளிய ஒரு சமஸ்கிருத நூலிலேயே அது இருக்கிறது. இதோ அந்தப் பகுதி, படித்துப் பாருங்கள்.

அந்தப் பகுதியைப் படித்தால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கீற வேண்டும், ரத்தம் தெரியும்வரை கீற வேண்டும், அந்த நீர் ரத்தத்தோடு கலக்க வேண்டும் என்று அவ்வளவு துல்லியம். எட்வர்ட் ஜென்னர் 1798-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள செய்முறையை யாரோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது.

விஷயம் அதுதான். பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுதான். சரகர், சுசுருதர் தொடங்கி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய மருத்துவ நூல்கள் எதிலும் பசு அம்மையைக் குத்துவது பற்றி ஒரு வரி கிடையாது. சமஸ்கிருத மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த டொமினிக் வுயாஸ்டிக் 1987-ல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ‘புனிதமான மோசடி’ என்று பொருள் வரும்படி அதற்குத் தலைப்பு வைத்தார்.

நம் கைப்பேசிக்குத் தினமும் வரும் உடல்நலச் செய்திகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பழம்பெருமை இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய பெயர் இருக்கிறது. ‘இதை மறைத்துவிட்டார்கள்’ என்கிற தொனி இருக்கிறது. செய்முறையும் கூடவே வருகிறது. வாட்ஸ்அப் பிறக்க 190 வருஷம் முன்னாலேயே ஃபார்வர்டு தயார். ஆனால் இது மக்களைத் தடுப்பூசியிலிருந்து விரட்டுவதற்காகச் செய்த பொய் இல்லை. போட்டுக்கொள்ள வைப்பதற்காகச் செய்த பொய். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மக்கள் ஏன் தப்பான மருத்துவச் செய்திகளைப் பகிர்கிறார்கள் என்ற கேள்விக்கு, ‘படிப்பறிவு இல்லாதவர்கள், அதனால் நம்புகிறார்கள், பரப்புகிறார்கள்’ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் இந்தக் கதையில் செல்லுபடியாகாது.

கைவிட்டுக் கை வந்த மருந்து

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்.

ஜென்னரின் மருந்து இந்தியாவுக்கு வந்த கதையே ஒரு சங்கிலிக் கதை. குளிர்பதனப் பெட்டி கிடையாது. அம்மைப்பாலை நூலிலோ கண்ணாடியிலோ காயவைத்து அனுப்பினால் நம் வெயிலில் வீரியம் போய்விடும். உயிரோடு கொண்டுவர ஒரே வழி மனித உடம்புதான். ஒரு குழந்தையின் கையில் குத்துவார்கள். எட்டு நாள் கழித்துக் கொப்புளம் பழுத்ததும், அதிலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். பாக்தாத், பாஸ்ரா வழியாக இப்படி வந்த மருந்து, 1802 ஜூன் 14-ம் தேதி பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்கிற மூன்று வயதுக் குழந்தைக்கு ஏறியது. இந்தியாவின் முதல் தடுப்பூசி அதுதான். அந்தக் குழந்தையின் கையிலிருந்து கிளம்பிய சங்கிலி அந்த வருஷமே சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த ஊரில் அம்மை வெறும் நோய் இல்லை. ‘அம்மை போட்டிருக்கு’ என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அதன் முழு அர்த்தத்தில் அது தெய்வம் வீட்டுக்கு வந்திருப்பது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றுவிடும். முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டுக்குத் தனி ஒழுங்கு. அப்படிப்பட்ட வீட்டில் போய், நன்றாக இருக்கிற குழந்தையின் கையைக் கீறி, இன்னொரு குழந்தையின் சீழை ஏற்றப்போகிறோம் என்று சொன்னால்? அந்த இன்னொரு குழந்தை என்ன சாதி என்ற கேள்வி உடனே வரும். ஆத்தாளுக்குக் கோபம் வராதா என்ற பயம் வரும். கேட்பது கம்பெனி சர்க்கார் என்பதால் சந்தேகமும் சேரும். வரி வாங்க மட்டுமே வந்தவன் திடீரென்று என் பிள்ளைமேல் ஏன் இவ்வளவு பாசம் காட்டுகிறான்?

வங்காளத்தில் இதற்கு முன்பே வேறொரு முறை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பசு அம்மை இல்லை. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழையே எடுத்துக் கொஞ்சமாகக் குத்துவது. இதை ஜான் ஹால்வெல் 1767-ல் லண்டனில் விவரமாக எழுதி வெளியிட்டார். அது நிஜம். அதில் ஆபத்தும் உண்டு. குத்திக்கொண்டவரிடமிருந்தே பெரியம்மை மற்றவர்களுக்குப் பரவலாம். கல்வி விரும்பனின் கடிதம் காலூன்றி நின்றது இந்த நிஜத்தின்மேல்தான். நூற்றுக்கு நூறு பொய்யாக இருக்கிற செய்தி ரொம்ப தூரம் போவதில்லை. உள்ளே ஒரு உண்மை இருந்தால்தான் அது நடக்கும்.

எல்லீசன் செய்த வேலை

இந்த மாதிரி மோசடியில் யார் பெயர் அடிபடுகிறது தெரியுமா? பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ் படித்தவர்கள் மறக்க முடியாத பெயர். 1810 முதல் சென்னையின் கலெக்டர். திருக்குறளை மொழிபெயர்த்து உரை எழுதியவர். ராயப்பேட்டையில் கிணறு வெட்டி, அங்கே வைத்த கல்வெட்டில் குறளைப் பொறித்தவர். கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னால், 1816-லேயே, தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று எழுதியவர்.

அவருடைய நண்பர் ஜான் மால்கம் சொன்னதாக ஒரு பதிவு இருக்கிறது. எல்லிஸ் அம்மை குத்துவதைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு சிறு பாட்டு கட்டினார். அதைப் பழைய தாளில் எழுதவைத்து, எங்கோ கிடைத்ததாகச் சொன்னார். பழசு என்று தெரிந்தால் பிராமணர்கள் மதிப்பார்கள். மருந்து பசுவிடமிருந்து வருகிறது என்றால் இன்னும் நல்லது என்பது கணக்கு. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் இதே உத்தியைக் கையாண்டதாக அதே பதிவு சொல்கிறது.

தமிழின் தனித்தன்மையை நிறுவியவர், ஊரை நம்பவைக்க நினைத்தபோது சமஸ்கிருதத்தில் எழுதினார் பாருங்கள். மொழி ஆராய்ச்சியில் அவருக்கு ஒரு நியாயம், செய்தி பரப்புவதில் இன்னொரு நியாயம். எந்த முகவரியிலிருந்து வந்தால் கடிதம் திறக்கப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதைவிட வேடிக்கை இன்னொன்று. ‘எசூர்வேதம்’ என்று ஒரு நூல். பழைய வேதப் பிரதி என்று நம்பி, வால்டேர் அதைப் பிரெஞ்சு அரசரின் நூலகத்துக்குக் கொடுத்தார். அது பழைய வேதம் இல்லை, கிறிஸ்தவத்தைப் பரப்ப ஏசுசபையினர் எழுதிய போலி என்று காட்டியவர்களில் முக்கியமானவர் யார்? நம் எல்லிஸேதான். பாண்டிச்சேரியில் இருந்த சுவடிகளை நேரில் பார்த்து, வரிவரியாகப் பிரித்து எழுதினார். அவர் இறந்த பிறகு, 1822-ல் அந்தக் கட்டுரை அச்சானது.

அதாவது, நல்ல நோக்கத்தோடு செய்த ஒரு போலிப் பிரதியைப் பிடித்துக்கொடுத்த அதே ஆள், நல்ல நோக்கத்தோடு ஒரு போலிப் பிரதியைச் செய்தார். சோதித்துப் பார்க்கும் திறமை அவருக்கு இல்லையா என்ன? அந்தக் காலத்துச் சென்னையில் அவரைவிட அந்தத் திறமை உள்ள இன்னொருவரைக் காட்டுவது கஷ்டம். ஆனால் அந்தச் சோதனையை மதம் பரப்பியவர்கள் எழுதியதன்மேல் வைத்தார். உயிர் காக்கும் என்று தான் நம்பியதன்மேல் வைக்கவில்லை. ‘இது உண்மையா?’ என்ற கேள்வி இருந்த இடத்தில் ‘இது நல்லது செய்யுமா?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது.

என் பார்வையில் பகிர்தலின் ரகசியமே இந்த இடமாற்றம்தான்.

அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பிய செய்தி

கல்வி விரும்பனின் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்குள், 1819 மார்ச்சில், எல்லிஸ் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். செய்தி சாகவில்லை. இரண்டே வருஷத்தில் அது பிரான்சின் பெரிய மருத்துவ அகராதிக்குள் போய்விட்டது. 1896-ல் கோண்டல் சமஸ்தானத்தின் அரசர் பகவத் சிங்ஜி எழுதிய ஆரிய மருத்துவ வரலாற்று நூலில் இடம்பிடித்தது. அவர் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1905-ல் உச்சம். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் திறப்பு விழா. அம்மைப்பால் தயாரிப்பதுதான் அந்த நிறுவனத்தின் ஆரம்பகால வேலை. திறந்துவைத்தவர் ஆளுநர் ஆம்ப்தில் பிரபு. நிறுவனத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த கர்னல் கிங் சேகரித்த தகவல்களை வைத்துக்கொண்டு, இந்தியாவுக்கு அம்மை குத்தும் வித்தை பழங்காலத்திலேயே தெரியும் என்று மேடையில் பேசினார்.

யோசித்துப் பாருங்கள். இந்தியர்களை நம்பவைக்கச் சென்னை வெள்ளைக்கார அதிகாரிகள் வட்டாரத்தில் ஒரு பொய் பிறக்கிறது. 86 வருஷம் கழித்து, அதே சென்னையில், வெள்ளைக்கார ஆளுநரே அதை உண்மை என்று நம்பிச் சொல்கிறார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. கிங் அவருக்கு நம்பகமானவர். கிங்குக்கு அவர் படித்த புத்தகங்கள் நம்பகமானவை. சங்கிலியில் ஒவ்வொருவரும் தனக்கு முந்தின ஆளைத்தான் நம்பினார்கள். கைவிட்டுக் கை போன அம்மைப்பால் மாதிரியே, பொய்யும் கைவிட்டுக் கை போயிருக்கிறது.

சரி, அந்தப் பொய் நினைத்த பலனையாவது கொடுத்ததா? அம்மை குத்துவதற்கான தயக்கம் 19-ம் நூற்றாண்டு முழுக்க நீடித்தது. பழைய தாளும் தன்வந்திரியும் அதைக் கரைத்துவிடவில்லை. இன்றைக்கு அந்தக் கடிதத்தின் வாரிசுகள் வேறு வேலை செய்கின்றன. ‘எல்லாம் நம் முன்னோர்களுக்கே தெரியும், இவர்கள் ஊசி எதற்கு?’ என்று பேசுகிறவர்களுக்கு அது ஆதாரமாகப் பயன்படுகிறது. ஊசி போடவைக்கச் சொன்ன பொய், ஊசி வேண்டாம் என்பதற்கு உதவுகிறது. ஒரு செய்தியை வெளியே விட்ட பிறகு அது யாருக்கு வேலை செய்யும் என்பது விட்டவர் கையில் இல்லை.

பயத்துக்கு ஒரு காரணம் வேண்டும்

எல்லிஸ் தரப்பைப் பார்த்தோம். எதிர்த் தரப்பில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அதே நூற்றாண்டில் அம்மை குத்துவதைப் பற்றி மக்களிடையே ஓடிய வதந்திகளை வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்டு தொகுத்துப் பேசியிருக்கிறார். கையில் போடுவது சர்க்கார் முத்திரை, பின்னால் ஆள் பிடிக்கத்தான். மதம் மாற்றத்தான். ஆங்கிலேயரை விரட்டப் பிறந்திருக்கும் ஒரு குழந்தையின் உடம்பில் வெள்ளை ரத்தம் ஓடுகிறது, அதைக் கண்டுபிடித்துத் தீர்க்கத்தான்.

சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். ஆள் பிடித்தது நிஜம். கூலிகளாகக் கப்பல் ஏற்றியது நிஜம். மதமாற்ற முயற்சிகள் நிஜம். வதந்தி அந்த மருந்தைப் பற்றித் தப்பாகச் சொன்னது. கொடுக்கிறவனைப் பற்றி மக்களுக்கு இருந்த மதிப்பீட்டைச் சரியாகவே சொன்னது. பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்று பேச்சு கிளம்பியதற்கும் இதே மாதிரி பின்னணி உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பல இடங்களில் கட்டாயம். அந்த நினைவு உள்ள ஊரில் அரசாங்கம் வாசலுக்கு வந்து இலவசமாக மருந்து கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?

இதில் இன்னொரு அடுக்கையும் சேர்க்க வேண்டும். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அதையொட்டிப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து, மறு வருஷம் கட்டுரையாக வெளியிட்டார். அந்த வதந்திகளில் பல, நடந்ததைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று சொன்னவை. பின்னால் அமெரிக்காவின் லியோன் ஃபெஸ்டிங்கர் இதைப் படித்துவிட்டு ஒரு விஷயத்தைக் கவனித்தார். இப்படிப் பேசியவர்கள் அதிர்வை உணர்ந்தவர்கள், ஆனால் சேதத்தைப் பார்க்காதவர்கள். வீடு ஆடியிருக்கிறது, நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது, சுற்றிப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்போ இந்தப் பயம் எதற்கு? பயத்துக்கு ஏற்ற காரணத்தை வதந்தி கொடுத்தது. அதாவது வதந்தி பயத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பயத்துக்கு அர்த்தம் கொடுத்தது. ஃபெஸ்டிங்கரின் புகழ்பெற்ற முரண் கோட்பாட்டுக்கு இந்தப் பீகார் வதந்திகள் ஒரு விதை.

2021 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நடந்ததை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மக்கள் தயங்கக் கூடாது என்று சொல்லத்தான் அரசு மருத்துவமனைக்கே போய்ப் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி இறந்துவிட்டார். ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த வருஷம் அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே உறுதி செய்தது. ஆனால் அதற்குள் செய்தி வீடு வீடாகப் போய்விட்டது.

அதை அனுப்பியவர்கள் யார்? கெட்டவர்களா? அவரை நேசித்தவர்கள். இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம், ஏற்கெனவே பயந்துபோய் இருந்தவர்கள். ‘எதுக்கும் பாத்துக்கோப்பா, நம்ம வீட்டுல யாரும் இப்போதைக்குப் போட வேணாம்’ என்று ஒரு அம்மா மகனுக்கு அனுப்பினால், அந்த வாக்கியத்தில் மருத்துவத் தகவல் எத்தனை சதவீதம், பாசம் எத்தனை சதவீதம்?

கட்டைவிரலுக்கு முன்னால் வரும் கேள்வி

கொரோனா காலத்தில் கோர்டன் பென்னிகுக்கும் டேவிட் ராண்டும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். கொரோனா பற்றிய உண்மைச் செய்திகளையும் பொய்ச் செய்திகளையும் கலந்து கொடுத்து, ஒரு குழுவிடம் ‘இது சரியான செய்தியா?’ என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் ‘இதைப் பகிர்வீர்களா?’ என்று கேட்டார்கள். முதல் குழு உண்மையையும் பொய்யையும் ஓரளவு நன்றாகவே பிரித்தது. இரண்டாவது குழுவின் பதிலில் அந்த வித்தியாசம் மங்கிப்போனது. இன்னொரு சோதனையில், முதலிலேயே சம்பந்தமில்லாத ஒரு தலைப்பைக் காட்டி, ‘இது சரியா என்று சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார்கள். பகிர்வதில் நிதானம் கூடியது.

எல்லிஸ் கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது. பிரித்தறியும் திறமை நம்மிடம் இருக்கிறது. பகிரும் நேரத்தில் அதை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் மனசில் ஓடும் கணக்கே வேறு. உண்மையாக இருந்து, நான் அனுப்பாமல் விட்டு, அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பொய்யாக இருந்தால்தான் என்ன நஷ்டம், மஞ்சள் தண்ணிதானே? அனுப்புவதற்குச் செலவில்லை, அனுப்பாமல் இருப்பதுதான் பெரிய செலவாகத் தெரிகிறது. அக்கறையைக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் நஷ்டம் உண்டு. அது அனுப்புகிறவர் கணக்கில் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான். 2020 பிப்ரவரி, மார்ச்சில் ‘கோழி சாப்பிட்டால் கொரோனா வரும்’ என்று ஒரு செய்தி ஓடியது. அனுப்பியவர்களுக்குச் சில வாரம் கறி இல்லை. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு முட்டை விலையும் கோழி விலையும் சரிந்து, போட்ட முதலே போனது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் ஆடியோக்களைக் கேட்டுப் பயந்துபோன பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்கு ‘என் பிள்ளைக்குப் போடாதீங்க’ என்று எழுதிக்கொடுத்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கலாம். அந்தக் குழந்தை எந்தக் குழுவிலும் உறுப்பினர் இல்லை.

அதனால் வீட்டுக் குழுவில் இப்படி ஒன்று வந்தால், ‘இதெல்லாம் சுத்தப் பொய், இதைப் போய் நம்பறீங்களே’ என்று பதில் போடுவதை நான் விட்டுவிட்டேன். அது அக்கறையோடு நீட்டிய கையைத் தட்டிவிடுவது மாதிரி. ‘அக்கறையா அனுப்பியிருக்கீங்க அத்தை. இதை யார் சொன்னாங்கன்னு தெரியுமா?’ என்று மட்டும் கேட்கிறேன். பாதி நேரம் பேச்சு அங்கேயே நல்ல திசைக்குத் திரும்பிவிடுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி பின்னால் திரும்பிப் பார்த்தாலே போதும். கிங்கும் ஆம்ப்திலும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு ஒழுங்கும் இந்தக் கதையிலிருந்து வருகிறது. அறிவியல் பக்கம் நிற்பவர்களுக்குத்தான் அது கஷ்டம். நம் பக்கத்துக்கு உதவும் பொய்யையும் அனுப்பக் கூடாது. தடுப்பூசிக்கு ஆதரவான மிகைப்படுத்தல், ‘நூறு சதவீதம் பக்கவிளைவே கிடையாது’ என்கிற மாதிரி வாக்கியம், இதெல்லாம் எல்லிஸின் பழைய தாள்தான். காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், அபூர்வமாக அதற்கு மேலும் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், நாளைக்குக் காய்ச்சல் வரும்போது நம்மை நம்புவார்கள். மறைத்தால், மறைத்ததையே அடுத்த ஃபார்வர்டு தின்று வளரும்.

பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975-ல். 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தன்வந்திரி பெயரில் எழுதிய பாட்டு இல்லை. வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, திட்டு வாங்கி, மறுநாளும் போன ஊழியர்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இடது கையையோ வலது கையையோ காட்டச் சொல்லிப் பாருங்கள். வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். யார் சொல்லிக் குத்திக்கொண்டார்கள், அம்மை குத்த ஆள் வந்தபோது எங்கே போய் ஒளிந்துகொண்டார்கள், அப்போது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். கிடைப்பதைத் தொகுத்து அடுத்த குறிப்பில் போடுகிறேன்.